நூற்றில் ஒன்று குறைகிறது

‘அசாசின்ஸ் கிரீட் 2’ கேமில் ரோம் நகரத்துக் கடைசிச் சண்டை முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடி அடங்கிய பிறகும் நாயகன் எட்சியோவுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கும். கதையின் தொடக்கத்தில் தூக்கிலிடப்பட்ட அவன் கடைசித் தம்பி பெட்ரூச்சியோ, இறகுகளைச் சேர்த்து வந்த சிறுவன். அவன் நினைவாக இத்தாலிய நகரங்களின் கூரைகளிலும் உத்தர முனைகளிலும் கோபுர விளிம்புகளிலும் 100 இறகுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. கணவனையும் இரண்டு மகன்களையும் ஒரே நாளில் பறிகொடுத்துப் பேச்சற்றுப் போன தாய் மரியாவின் அறையில் ஒரு பெட்டி இருக்கிறது. கிடைத்த இறகுகளைக் கொண்டுவந்து அதில் சேர்க்க வேண்டும். நூறும் சேர்ந்தால் அவள் மகனிடம் பேசுவாள்.

2009இல் வெளிவந்த இந்தக் கேமை முடித்துவிட்டு 97, 98, 99 என்ற எண்களில் வந்து நின்றவர்கள் பலர். எந்த நகரத்தில், எந்தப் பகுதியில் எத்தனை குறைகிறது என்று பட்டியல் சொல்லும். எந்தக் கூரை என்று சொல்லாது. மேப்பில் இறகுக்குக் குறியும் கிடையாது. வெனிஸில் ஒரு பகுதி முழுக்க ஒவ்வொரு கூரையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

கதையை முடித்த பிறகு, விட்டுப்போன கலெக்டிபிள்களைத் தேடுவது ஆக்‌ஷன் அட்வென்ச்சர் கேம்களில் தனி ஓர் அனுபவம். முதல் 90 பொருள்கள் போகிற வழியில் தாமாகக் கிடைக்கும். அடுத்த ஒன்பதுக்குச் சற்றுக் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். கடைசி ஒன்று மட்டும் மற்ற எல்லாம் சேர்ந்து எடுத்த நேரத்தைத் தனியாக விழுங்கும். ஆட்டக்காரரின் கவனக்குறைவு இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காரணம் கணக்கில் இருக்கிறது.

நூறு இடங்களில் நூறு பொருள்கள், அவற்றில் ஒன்றை விட்டுவிட்டீர்கள், எதை எடுத்தீர்கள் என்ற குறிப்பு எங்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நூறு இடங்களையும் படத்தோடு காட்டும் வழிகாட்டி கையில் இருந்தாலும், விட்டுப்போனதைத் தொடுவதற்குள் சராசரியாக ஐம்பது, மோசமானால் நூறு இடங்களுக்கும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். அதே நூறும் பத்துப் பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி எண்ணிக்கை இருந்தால் பார்க்க வேண்டியவை அதிகம் போனால் பத்தே இடங்கள். எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் கேம் மேப்பில் குறித்துவைத்தால் போக வேண்டியது ஒரே ஓர் இடம். நூறு, பத்து, ஒன்று: ஒரு கேம் ஆட்டக்காரரின் நேரத்தை மதிக்கிறதா என்பதை இந்த மூன்று எண்களில் அளந்துவிடலாம்.

பள்ளிச் சுற்றுலாவில் பஸ் புறப்படுமுன் ஆசிரியர் தலைகளை எண்ணினால் நாற்பதில் ஒருவர் குறைகிறார் என்பது மட்டுமே தெரியும். பெயர் கூப்பிட்டால்தான் யார் என்று தெரியும். பெரும்பாலான கேம்கள் தலையை எண்ணிவிட்டு நின்றுவிடுகின்றன. ஆட்டக்காரருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி துப்புக் கொடுப்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். எது கிடைத்துவிட்டது என்பதை ஒவ்வொன்றாகப் பதிந்து ஆட்டக்காரருக்குத் திருப்பிக் காட்டுவதே அதைவிடப் பெரிய உதவி என்பது என் கருத்து. நாற்பது ஆண்டுக் கேம்களை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகிறது.

மறைத்து வைக்கும் பழக்கம் பழையது. அடாரி 2600 கருவிக்காக வாரன் ராபினெட் எழுதிய ‘அட்வென்ச்சர்’ கேமில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய சாம்பல் நிறப் புள்ளி ஒன்று உண்டு. அதைக் கண்டெடுத்துக் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோனால் அவர் பெயர் பொறித்த ரகசிய அறை திறக்கும். அங்கே எண்ணிக்கை எதுவும் இல்லை. ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. எண்ணிக்கை ஆசையைக் கிளப்பிவிட்ட கேம்களில் முக்கியமானது 1994இன் ‘சூப்பர் மெட்ராய்டு’. அதில் சரியாக 100 பொருள்கள்: 46 மிசைல் பொதிகள், 14 எனர்ஜி டேங்குகள் என்று போகும். கேம் முடியும்போது எத்தனை சதவீதம் எடுத்தீர்கள் என்று திரையில் காட்டும். ஒரு பொருளுக்கு ஒரு சதவீதம். ஆனால் அந்த எண் தெரியவரும் நேரத்தில் கதை நடந்த கிரகமே வெடித்துச் சிதறியிருக்கும். பழைய சேவுக்குத் திரும்பித் தேடத் தொடங்க வேண்டும். 1997இல் வந்த ‘கேசில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்’ கோட்டை முழுவதையும் சுற்றிவந்தவருக்கு 200.6 சதவீதம் என்று காட்டியது. அந்தக் கடைசிப் புள்ளி ஆறுக்காகச் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தவர்கள் உண்டு.

எண்ணிக்கையிலிருந்து பதிவுக்கு வந்த முதல் நல்ல அடிகளில் ஒன்று 1998இன் ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’. அதில் 100 தங்கச் சிலந்திகள். ஒரு பகுதியில் இருக்கும் சிலந்திகள் எல்லாம் முடிந்துவிட்டால், மேப்பில் அந்தப் பகுதியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மண்டையோட்டுச் சின்னம் தோன்றும். அந்தச் சின்னம் இல்லாத ஊருக்கு மட்டும் போனால் போதும். போன பிறகு காதைத் தீட்ட வேண்டும், ஏனென்றால் சுவரைச் சுரண்டும் சத்தம் சிலந்தி இருக்கும் திசையைக் காட்டிக்கொடுக்கும். சில சிலந்திகள் இரவில் மட்டும் வரும். சில, நாயகன் சிறுவனாக இருக்கும்போது மட்டும். சின்னம் பகுதியைச் சொல்கிறது, சத்தம் திசையைச் சொல்கிறது, மிச்சத்தை ஆட்டக்காரர் செய்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு அளவாக வேலையைப் பங்கிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே ஆண்டில் வந்த ‘பாஞ்சோ கசூயி’ இதற்கு நேர் எதிர். ஒவ்வோர் உலகத்திலும் 100 இசைக் குறிகள். 93 எடுத்தபின் பாத்திரம் செத்துவிட்டால் அந்த உலகத்தின் குறிகள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்; அதுவரை எடுத்ததில் அதிகமான எண்ணிக்கை மட்டும் நிற்கும். விட்டுப்போன ஏழுக்காக மறுபடி நூறையும் பொறுக்க வேண்டும். கார்ட்ரிட்ஜில் சேவ் செய்ய இருந்த இடம் அன்றைக்கு மிகக் குறைவு. 2000இல் வந்த ‘பாஞ்சோ டூயி’யில் குறிகளை ஐந்தைந்தாகக் கூட்டில் வைத்து எடுத்தவற்றை நிலையாகப் பதிந்தார்கள். முதல் கேமையே 2008இல் எக்ஸ்பாக்ஸுக்குக் கொண்டுவந்தபோது எடுத்த குறி எடுத்ததாகவே நின்றது. கேம் அதேதான், உலகங்களும் அவைதான். கணக்கு வைக்கும் முறை மாறியதும் விளையாடும் மனநிலையே மாறிவிட்டது.

‘பாஞ்சோ’ கேம்களைச் செய்த நிறுவனத்தின் இன்னொரு கேம் ‘டாங்கி காங் 64’ (1999). ஐந்து குரங்குகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் வாழைப்பழங்கள். மஞ்சள் பழத்தை அதற்குரிய குரங்கு மட்டுமே எடுக்கலாம், மற்றவர்களுக்கு அது நிழல்போலத் தெரியும். ஒரே இடத்துக்கு ஐந்து முறை போக வேண்டிவரும். இந்தக் கேமில் மறைந்திருந்த ஒரு வானவில் நாணயம் 2017இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் கண்டெடுத்தாயிற்று என்று விளையாடுபவர்கள் 17 ஆண்டுகளாக நம்பியிருக்க, காட்டு உலகத்தில் உயரமான புல் மூடிய மண்திட்டில் அது இருந்தது. கேம் அந்த நாணயத்தைச் சதவீதத்தில் சேர்க்கவில்லை. ஆகவே குறைகிறது என்பதே யாருக்கும் உறைக்கவில்லை. கணக்கில் வராத பொருளை யாரும் தேடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

திறந்த நகரங்களைக் கொண்ட கேம்கள் வந்ததும் சிக்கல் பெரிதானது. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ (2001) ஒரு நகரம் முழுக்க 100 பொட்டலங்களை ஒளித்துவைத்தது. பத்துக்கு ஒரு முறை ஒளிவிடத்தில் ஓர் ஆயுதம் கிடைக்கும் என்பது நியாயமான பரிசு. ஆனால் எதை எடுத்தோம் என்ற பதிவு கிடையாது. அதே வரிசையில் 2004இன் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ இதை நான்காகப் பெருக்கியது: 100 சுவர் எழுத்துகள், 50 புகைப்படங்கள், 50 குதிரை லாடங்கள், 50 சிப்பிகள். இவற்றில் சுவர் எழுத்து மட்டும் தானே தனக்குச் சாட்சி. நீங்கள் ஸ்ப்ரே அடித்த சுவரில் உங்கள் கூட்டத்தின் எழுத்து நிற்கும், போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். கடலுக்கடியில் எடுத்த சிப்பியோ இருந்த சுவடே இல்லாமல் போய்விடும். வழிகாட்டி சொன்ன இடத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, “இதை முன்பே எடுத்துவிட்டோமா, இடம்தான் தவறா?” என்று குழம்பி நிற்பவருக்குக் கேம் எந்தப் பதிலும் தராது.

முதல் ‘அசாசின்ஸ் கிரீட்’ (2007) 420 கொடிகளை நட்டது. அக்கர், டமாஸ்கஸ், ஜெருசலேம், சுற்றுப்புற நாடு ஆகியவற்றில் நூறு நூறு, மஸ்யாஃபில் 20. கதைக்குள் அவற்றுக்கு எந்தப் பயனும் இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360இல் விளையாடியவருக்கு அச்சீவ்மெண்ட் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 3 பதிப்பில் அதுவும் இல்லை. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360உடன் அச்சீவ்மெண்டுகளும், 2008இல் பிளேஸ்டேஷன் 3இல் ட்ரோஃபிகளும் வந்தது இந்த வரலாற்றில் பெரிய திருப்பம். முன்பு 99இல் நின்றால் அது உங்களுக்கும் சேவ் கோப்புக்கும் இடையில் இருந்தது. இப்போது உங்கள் பெயருக்குக் கீழே நண்பர்கள் பார்க்க நிற்கிறது. பிளாட்டினம் வேண்டும் என்றால் மற்ற ட்ரோஃபிகள் அனைத்தும் வேண்டும், அவற்றில் ஒன்று பெரும்பாலும் ‘எல்லாவற்றையும் சேகரி’. கலெக்டிபிள்களின் எண்ணிக்கை பெருகியதற்கும், அவற்றில் பல உயிரற்றுப் போனதற்கும் இந்த மாற்றம் முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

பதிவு வைப்பதில் இன்றைக்கு முன்னுதாரணம் எது என்று கேட்டால் 2017இல் வந்த இரண்டு நின்டெண்டோ கேம்களைச் சொல்வேன். ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ 900 கொரோக் விதைகளைக் கொண்டது. எண் மிரட்டுகிறது. ஆனால் பையின் இடங்களை முழுதாகப் பெருக்கிக்கொள்ள 441 விதைகள் போதும், மீதி உண்மையிலேயே விரும்புபவர்களுக்கு. கண்டெடுத்த ஒவ்வொரு விதைக்கும் மேப்பில் ஓர் இலைச் சின்னம் நிலையாக நிற்கும். கடைசி எதிரி கேனனை வென்ற பிறகு மேப்பின் மூலையில் முழுமைச் சதவீதமும் தெரியத் தொடங்கும். இலைகள் அடர்ந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, நடுவில் வெறுமையாகத் தெரியும் மலைச்சரிவையோ தீவையோ பார்த்துப் போகலாம். பிறகு வந்த கூடுதல் உள்ளடக்கம் இன்னொன்றையும் சேர்த்தது. கடைசி 200 மணி நேரத்தில் நீங்கள் நடந்த பாதை முழுவதும் மேப்பில் பச்சைக் கோடாக ஓடும். கோடு தொடாத நிலம்தான் நீங்கள் தேட வேண்டிய நிலம். பொருள் எங்கே என்று அந்தக் கோடு சொல்வதில்லை. நீங்கள் எங்கே போகவில்லை என்பதை மட்டும் காட்டுகிறது. இந்த வகைக் கேம்கள் கண்ட உதவிகளில் இதையே முதலிடத்தில் வைப்பேன்.

‘சூப்பர் மாரியோ ஒடிசி’ வேறு வழியில் போனது. தனித்தனியான 836 நிலாக்கள், ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஒரு பட்டியல், பட்டியலில் ஒவ்வொரு நிலாவுக்கும் ஒரு வரி. எடுக்காததன் வரி கேள்விக்குறியாக நிற்கும். அங்கே ஒரு கிளி உண்டு. கேட்டால் விட்டுப்போன நிலாவின் பெயரை மட்டும் சொல்லும். பெயரே பாதித் துப்பு என்பதால் மிச்சத்தை யோசித்துக் கண்டுபிடிக்கலாம். அதுவும் முடியவில்லையா, 50 காசு கொடுத்தால் இன்னொருவர் மேப்பில் இடத்தைக் குறித்துத் தருவார். எவ்வளவு உதவி வேண்டும் என்பதை ஆட்டக்காரரே தீர்மானிக்கிறார். கதை முடிந்த பிறகு ராஜ்யங்களில் நிலாக்கல் உடைந்து புதிய நிலாக்கள் வெளிவருவதால், திரும்பிப் போவதே கேமின் இரண்டாம் பாதியாகிவிடுகிறது.

கண்ணுக்குப் பதிவு, காதுக்கும் கைக்கும் துப்பு என்று வேலையைப் பிரித்த கேம்கள் எனக்கு நெருக்கமானவை. ‘கிராக்டவுன்’ (2007) 500 பச்சை உருண்டைகளைக் கட்டட உச்சிகளில் வைத்தது. நெருங்கினால் ரீங்காரம் கேட்கும். ‘ஹாலோ நைட்’டில் கண்ணாடிக் குடுவைக்குள் அடைபட்ட 46 புழுக்குஞ்சுகள் அழும். சுவருக்கு அப்பால் அந்த அழுகை கேட்டுவிட்டால் விட்டுவிட்டுப் போக மனம் வராது. கலெக்டர் என்ற எதிரியை வென்றால், மீட்கப்படாமல் இருக்கும் குஞ்சுகளைக் காட்டும் மேப் கிடைக்கிறது. ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ (2020) இன்னும் அழகு. 1274ஆம் ஆண்டு மங்கோலியப் படையெடுப்பின் கதை அது. வழிப்போக்கன் உடையை அணிந்து, தேட வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்தால் காற்று அந்தத் திசையில் வீசும். நெருங்கும்போது கண்ட்ரோலர் கையில் அதிரும். திரையில் அம்புக்குறியே இல்லை, புல் சாய்வதைப் பார்த்து நடக்க வேண்டும்.

நம் நிலத்துக்குப் பக்கத்தில் நடக்கும் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2017இல் வந்த ‘அன்சார்ட்டெட்: தி லாஸ்ட் லெகசி’யின் கதைக்களம் மேற்குத் தொடர்ச்சி மலை, தேடப்படும் பொருள் ஹொய்சளர்கள் காத்த பிள்ளையாரின் தந்தம். கதையின் நிலப்பரப்பு கற்பனையே. ஆனால் ஹொய்சளர்கள் தமிழ்நாட்டுக்கு அந்நியர்கள் அல்லர். நம் வரலாற்று நூல்கள் போசளர் என்று குறிப்பிடும் அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் தலைநகர் அமைத்து ஆண்டவர்கள். கேமின் நான்காம் அத்தியாயத்தில் நாயகி குளோயியாக ஜீப்பில் விருப்பம்போல் சுற்றலாம். இடிபாடுகளில் 11 ஹொய்சள வில்லைகள் சிதறிக் கிடக்கின்றன. கையிலுள்ள காகித மேப்பில் போன இடங்களைக் குளோயி தானே பேனாவால் குறித்துக்கொள்வாள். பதினொன்றும் சேர்ந்தால் அரசியின் மாணிக்கம் பதித்த கைக்காப்பு கிடைக்கும். அதை அணிந்தபின், பக்கத்தில் புதையல் இருந்தால் காப்பு ஒளிர்ந்து எச்சரிக்கும். ஒரு தேடலின் பரிசு அடுத்த தேடலுக்கான கருவியாகிறது. துப்பைக் கதைக்குள்ளேயே கரைத்துவிட்ட இந்த முறையைப் பிற கேம்கள் அதிகம் பின்பற்றாதது வருத்தம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு மினுங்கும் புதையல் எந்தத் துப்பும் ஆகாது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ (2020) அறுபதுக்கு மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. சுற்றிலும் எடுக்கக்கூடிய பொருள் இருக்கிறதா என்று ஒலியால் துழாவும் வசதியும், பொருள்களைப் பளிச்சென்ற தனி நிறத்தில் காட்டும் திரை முறையும் அவற்றில் அடக்கம். இவற்றைச் சலுகை என்று பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கதையை முடித்துவிட்டு விட்டுப்போனதைத் தேடும் எல்லோருக்கும் இவை பயன்படுகின்றன.

எல்லாவற்றையும் மேப்பில் கொட்டிவிடுவது எதிர்முனை. ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ (2018) 55 முதுகுப் பைகளையும் கோபுரங்களை இயக்கியவுடன் காட்டிவிடுகிறது. விட்டுப்போவது என்ற பேச்சே இல்லை, தேடலும் இல்லை. ஒவ்வொரு பைக்குள்ளும் நாயகன் பீட்டரின் பழைய வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளும் அதைப் பற்றி அவன் பேசும் சில சொற்களும் இருப்பதால் அது தப்பிக்கிறது. ‘ஹொரைசன் ஸீரோ டான்’ அதே மேப்பை வணிகர்களிடம் விலைக்கு வைத்தது. வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்பதால் இது மேலான ஏற்பாடு.

பேட்மேன் கேம்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறப்பும் பிழையும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. ‘ஆர்க்கம் அசைலம்’ (2009) வில்லன் ரிட்லரின் 240 புதிர்களை வைத்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ரகசிய மேப்பையும் ஒளித்தது. அதைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதியின் மிச்சம் மேப்பில் கேள்விக்குறிகளாகத் தெரியும். ‘ஆர்க்கம் சிட்டி’யில் (2011) எண்ணிக்கை 440 ஆனது. ரிட்லரின் ஒற்றர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் கடைசியாக வைத்து விசாரித்தால் இடங்களைச் சொல்வார்கள். இப்போது எடுக்க முடியாத கோப்பையை ஸ்கேன் செய்து மேப்பில் குறித்துவைத்து, உரிய கருவி கிடைத்ததும் திரும்பி வரலாம். இவையெல்லாம் அருமை. ‘ஆர்க்கம் நைட்’ (2015) செய்தது வேறு. கதையின் முழு முடிவைப் பார்க்க எல்லாக் குற்றவாளிகளையும் பிடிக்க வேண்டும். ரிட்லரைப் பிடிக்க 243 புதிர்களையும் முடிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கதையின் கடைசிக் காட்சியைக் கலெக்டிபிள்களுக்குப் பின்னால் பூட்டிவைப்பது தவறு. தேடல் விருப்பமாக இருக்கும்வரைதான் அது தேடல்.

அதைவிடக் கொடியது திரும்பவே முடியாமல் போவது. ‘செல்டா: விண்ட் வேக்கர்’ கேமில் புகைப்படம் எடுத்துக் கொடுத்தால் சிலை செய்து தருவார்கள், மொத்தம் 134 சிலைகள். சில பாத்திரங்கள் கதையில் ஒரு கட்டத்தில் மட்டும் தோன்றி மறைகிறார்கள். அந்த நேரத்தில் படம் எடுக்கவில்லை என்றால் போயிற்று. செய்த சிலைகள் இரண்டாம் முறை ஆடும்போதும் தொடரும் என்பது ஒரே ஆறுதல். ‘ஆலன் வேக்’ (2010) தேடி எடுக்க வேண்டிய நாவல் பக்கங்களில் சிலவற்றை நைட்மேர் என்ற கடின நிலையில் மட்டுமே தருகிறது. அத்தியாயமாக நகரும் கேம்களில் இந்தத் தொல்லை குறைவு. ‘அன்சார்ட்டெட் 4’இன் 109 புதையல்களானாலும் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ஸின் 30 ஃபயர்ஃபிளை பதக்கங்களானாலும், முடித்த பிறகு பட்டியலைப் பார்த்து விட்டுப்போன அத்தியாயத்துக்கு நேராகப் போய்விடலாம்.

கேமுக்கு வெளியே இருக்கும் உதவிக்கும் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1990இல் தொடங்கி 2019வரை வழிகாட்டிப் புத்தகங்களை வெளியிட்ட பிரைமா போன்ற பதிப்பகங்கள் மடித்த மேப்புகளோடு நூல்கள் விற்றன. பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போகலாம் என்பது அவற்றின் பெரிய பலம், அதுவும் ஒரு பதிவுதான். பிறகு ஆர்வலர்கள் எழுதிய எழுத்து வழிகாட்டிகள், அதன்பின் வீடியோக்கள், இப்போது டிக் அடிக்கும் வசதியோடு இணைய மேப்புகள். இவற்றில் வீடியோதான் விட்டுப்போனதைத் தேடுபவருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவது. முதலிலிருந்து வரிசையாக எடுப்பவருக்காகச் செய்யப்பட்டது அது. 99இல் நிற்பவருக்கு நூறையும் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தராது.

முடித்துவிட்டுத் தேடப் புறப்படுபவர் முதலில் பார்க்க வேண்டியது, முடிவுக்குப் பின் அந்த உலகம் திறந்திருக்கிறதா, கடைசிச் சண்டைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறதா, அத்தியாயம் வழியாக மட்டும் நுழைய விடுகிறதா என்பதை. பிறகு பகுதிவாரி எண்ணிக்கை. அதன்பின் உடனே வழிகாட்டியைத் திறக்காமல் கதையை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பொருள்கள் விட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கும். யாரோ துரத்த ஓடிய பாதைகளில் யாரும் ஓரத்தைப் பார்ப்பதில்லை. கயிறோ குண்டோ கிடைப்பதற்கு முன் கடந்துவந்த முதல் பகுதிகளுக்கு நாம் திரும்புவதில்லை. மேப் தட்டையாக இருப்பதால் பாலத்துக்கு அடியிலும் குகைக்கு மேலும் இருப்பதைப் போய்வந்த இடமாகவே எண்ணிக்கொள்கிறோம். இந்த மூன்றிலும் தேடினால் வழிகாட்டியின் தேவை கணிசமாகக் குறையும். வழிகாட்டியை எடுத்தாலும் முதல் இடத்திலிருந்தே டிக் அடித்துக்கொண்டு போங்கள், இரண்டாம் சுற்று வராது. அத்தியாயம் வழியாகப் போனால் பொருளை எடுத்ததும் சேவ் ஆனதை உறுதிசெய்த பிறகே வெளியேறுங்கள். எல்லா இடமும் வெறுமையாக இருந்து எண்ணிக்கை மட்டும் குறைந்தால் அது கேமின் பிழையாக இருக்கக்கூடும். பழைய சேவ் ஒன்றைத் தனியாக வைத்திருந்தவர் அங்கே தப்பிப்பார்.

இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. முடியாத வேலை முடிந்த வேலையைவிட நினைவில் தங்குகிறது என்று ப்ளூமா ஸெய்கார்னிக் 1927இல் எழுதினார். பின்வந்த சோதனைகள் எல்லாம் அதை ஒரே மாதிரி உறுதிப்படுத்தவில்லை. ஆனால் 99இல் நின்றவருக்கு அதில் ஐயம் இருக்காது. வேறு காரணம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. கதை நம்மை அவசரப்படுத்திக்கொண்டே வந்த உலகத்தில், கதை முடிந்த பிறகுதான் நின்று நிதானமாகப் பார்க்கக் கிடைக்கிறது. சண்டையில்லாத சுஷிமாவில் குதிரையில் போவதும் கேனனைப் பற்றிய கவலையில்லாமல் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டின் ஹைரூலில் மலையேறுவதும் அந்த உலகங்களைக் கட்டிய ஓவியர்களுக்கு நாம் தரும் நேரம். விட்டுப்போன பொருள் அதற்கு ஒரு சாக்கு. எரிச்சல் அந்த நேரத்தைத் தின்றுவிடாமல் காப்பது கேம் செய்பவர்களின் பொறுப்பு.

அது செலவு பிடிக்கும் வேலையும் அன்று. எடுத்த பொருள் மறுபடி அதே இடத்தில் தோன்றாமல் இருக்க வேண்டும் என்றால், எது எடுக்கப்பட்டது என்பது சேவ் கோப்பில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். நூறு பொருளுக்கு நூறு ஆம் அல்லது இல்லை. மொத்தம் 13 பைட்டுகளில் அடங்கிவிடும். கணக்கு கேமிடம் இருக்கிறது, ஆட்டக்காரரிடம்தான் இல்லை. ‘ஹாலோ நைட்’டை உருவாக்கியது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் மிகச் சிறிய குழு, மீட்காத குஞ்சுகளை மேப்பில் காட்ட அவர்களால் முடிந்திருக்கிறது. ஆகவே கேம் செய்கிறவர்களிடமும், செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் நம் இளைஞர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: திரும்ப முடியாத கதவுக்கு முன்னால் எச்சரியுங்கள், முடிவுக்குப் பின் உலகத்தைத் திறந்து வையுங்கள், எடுத்தது எது என்ற பட்டியலை ஆட்டக்காரர் கையில் கொடுங்கள்.